நான் ஊர் திரும்பிவிட்டதாகச் சபையில் சொன்ன பதில்

1

நான் ஆயாவாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டின் கடைசியில் ஒரு டெலிவிஷன் பெட்டி இருக்கிறது. போன வாரம் அதில் இந்த நாட்டுப் பாராளுமன்றச் சபையைக் காட்டினார்கள். வெள்ளை அங்கி போட்ட ஓர் உறுப்பினர் எழுந்து நின்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எதிரே இருந்த மந்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். முதல் படுக்கையில் இருந்த கிழவிக்கு ஒரே உற்சாகம். பள்ளிக்கூடம் ஏன் கட்டவில்லை என்று கேட்டு முடித்துவிட்டார், இப்போது பக்கத்து நாட்டுச் சண்டையில் நாம் யார் பக்கம் என்று கேட்கிறார், லேசில் விடமாட்டார் என்று எனக்குப் புரிகிற அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். உங்கள் ஊரிலும் மந்திரியை இப்படி நிற்க வைத்துக் கேட்பார்களா என்றாள்.

கேட்பார்கள், என்னைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். இவர்கள் மொழி எனக்குப் படுக்கை, தண்ணீர், வலி என்கிற அளவோடு சரி. அவசரத்தில் "அவளைப் பற்றிக் கேட்டார்கள்" என்று வந்துவிட்டது. எவளை என்று கிழவி கேட்டாள். நான் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். நாட்டின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இன்னும் இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

2

பிறந்தது திருவாதவூர் பக்கம். வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தேன். மகள் கலாவுக்கு மூன்று வயதாகும்போது அவள் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். தல்லாகுளத்தில் என் அண்ணன் சோணைமுத்து தையல் கடை வைத்திருந்தார். பக்கத்திலேயே கோர்ட்டு என்பதால் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைப்பதுதான் அவருக்கு முக்கியமான வேலை. அவர் வீட்டில் எங்களுக்கும் இடம் கொடுத்தார். நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு நர்ஸம்மா வெளிநாட்டுக்குப் போகும்போது என்னையும் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். அண்ணனையும் மதினியையும் நம்பிக் கலாவை விட்டுவிட்டுப் போனேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்லுவேன், டீச்சருக்குக் கேட்காது, ஆப்சென்ட் போட்டுவிடுவார். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்ததில் இறங்கி நடந்து வருவேன்.

போன நாட்டில் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சண்டை வந்துவிட்டது. நம் நாட்டவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி, எல்லை தாண்டி, இப்போது நான் இருக்கிற இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிருந்து பம்பாய்க்கு விமானம். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஒரே துணிப்பையில், எங்களைக் கூட்டி வந்தவரிடம் இருந்தது. எல்லையில் பெயர் வாசித்தபோது நானும் கை தூக்கினேன். அதற்குப் பிறகு காய்ச்சல் ஏறி நினைவு தப்பிவிட்டது. டைபாய்டு. என்னை இறக்கி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு மற்றவர்களை விமானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் எழுந்து உட்கார்ந்தபோது எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பையும் போய்விட்டது. பம்பாயில் இறங்கிய குழப்பத்தில் ஆட்களை எண்ணாமல் பாஸ்போர்ட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். கணக்கு சரியாக வந்தது.

3

மாதக் கணக்கில் என்னிடமிருந்து கடிதம் இல்லை என்றதும் அண்ணன் பயந்துவிட்டார். அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் நின்ற வக்கீல் ஒருவர் அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கடிதாசி போட்டால் பதில் வராது, சபையில் கேள்வியாகப் போட்டால் மந்திரி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வக்கீலய்யா சொல்லியிருக்கிறார்.

அந்த முறையை அண்ணன் பிற்பாடு எனக்கு விளக்கினார். உறுப்பினர்கள் முன்கூட்டியே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். முன்னால் வந்த கேள்விகளுக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார். அந்தப் பதிலில் சந்தேகம் இருந்தால் கேட்டவர் அங்கேயே துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். பதினோரு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும். மணி ஆகிவிட்டால் மீதிக் கேள்விகளுக்கு எழுத்தில் இருக்கிற பதிலை அப்படியே மேசைமேல் வைத்துவிடுவார்கள். யாரும் எதையும் திருப்பிக் கேட்க முடியாது.

வக்கீலய்யாவின் கேள்வி குலுக்கலில் பின்னால் போய்விட்டது. சண்டையில் நம் அரசின் நிலை என்ன என்பது முதல் பகுதி. அங்கே சிக்கிய மதுரை மாவட்டத்தார், குறிப்பாகப் பாண்டியம்மாள் என்கிற பெண், எங்கே என்பது இரண்டாவது. அவர்களைக் கொண்டுவர என்ன ஏற்பாடு என்பது மூன்றாவது. அன்றைக்கு மற்றவர்கள் சர்க்கரை விலையைப் பற்றியே கேட்டு நேரத்தைத் தின்றுவிட்டார்கள். பதிலை மேசைமேல் வைத்தார்கள். நாம் எந்தப் பக்கமும் சேரவில்லை. பாண்டியம்மாள் உட்பட அனைவரும் ஊர் திரும்பிவிட்டனர். ஆகவே மூன்றாவது கேள்வி எழவில்லை.

மறுநாள் பேப்பரில் என் பெயரோடு வந்துவிட்டது. அதைப் படித்தவர்கள் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சந்தோஷம் சொன்னார்கள். மதினி எனக்காக ஒரு பாயைத் தனியே துவைத்துக் காயப்போட்டார். நான் அந்நேரம் இங்கே மொட்டை அடித்த தலையோடு, சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

4

அண்ணன் ஒரு வாரம் ரயிலடிக்குப் போய்ப் போய் வந்தார். நான் வரவில்லை. அதற்குள் என்னைப் பார்த்தவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் சொன்னவர் கடைக்கு எதிரே இருந்த டீ மாஸ்டர். உன் தங்கச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிழலில் நின்றாள், கூப்பிட்டேன், திரும்பவில்லை என்றார். பிறகு பூக்காரி ஒருத்தி, பேசாமல் பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள் என்றாள். எல்லாரும் சொன்னது உச்சி வெயில் நேரம். எல்லாரும் சொன்ன இன்னொன்று, நான் வாயே திறக்கவில்லை என்பது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள்தான் பேசவே மாட்டாளே என்று விட்டுவிட்டார்கள்.

பேச்சு வேறு பக்கம் போனது. வந்தவள் வீட்டுக்கு வரவில்லை என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது, அங்கே யாரையோ சேர்த்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்றார்கள். நான் எழுந்து நடமாடியதும் போட்ட கடிதம் அப்போதுதான் அண்ணன் கைக்குப் போயிருக்கிறது. மதுரையிலேயே ஒளிந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கிற ஆளை வைத்து எழுதிப் போடச் சொல்கிறாள் என்று மதினி சொல்லியிருக்கிறார். என் மதினி கெட்டவர் இல்லை. சபையில் மந்திரி சொன்னது பொய்யாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. அம்புட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற சபையில் பொய் சொன்னால் சும்மா விடுவார்களா என்பதுதான் அவர் நினைப்பு.

கலாவுக்கு அப்போது ஒன்பது வயது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து நிற்க ஆரம்பித்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தடியில், மாங்காய்ப் பத்தை விற்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் நான் நிற்பேனாம். பச்சைச் சேலை. அவள் கை காட்டினால் நான் பார்ப்பேனாம். ரோட்டைத் தாண்டி வரமாட்டேனாம். மணி அடித்து அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டேனாம்.

5

உடம்பு தேறியதும் இந்த ஆஸ்பத்திரியிலேயே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். இங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். மலையாளம் கலந்த தமிழ் பேசுகிற ஒருவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"அம்மா, நீங்க இங்க இல்ல" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சபையில் மந்திரி கொடுத்த பதிலில் நீங்கள் ஊர் போய்விட்டதாக இருக்கிறது, அது தப்பாகவே இருந்தாலும் மந்திரியே சபையில் எழுந்து திருத்துகிற வரை அதுதான் சரி, அதற்கு மாறாக நான் உங்களுக்கு ஒன்றும் எழுதித் தர முடியாது என்றார். நான்தான் பாண்டியம்மாள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஊருக்குப் போன் போடுவது அப்போது சாதாரண விஷயம் இல்லை. நான் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வராததால்தான் துணிந்தேன். அண்ணன் கடைக்கு அடுத்த வக்கீல் ஆபீஸ் நம்பருக்குப் பதிவு பண்ணிவிட்டு அரை நாள் காத்திருந்தேன். அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை என்பதால் கலாவும் கடையில் இருந்திருக்கிறாள்.

"ஏந்தாயி, எங்கிருந்து பேசுற?" என்றார் அண்ணன்.

நாட்டின் பெயரைச் சொன்னேன்.

"மதுரைக்குள்ள இருந்துக்கிட்டு ஏன் இப்படிப் பண்ற? மந்திரியே சொல்லிட்டாரு. எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். நீ வீட்டுக்கு வா."

வரமுடியாமல்தான் இருக்கிறேன் என்று அழுதேன். கலாவிடம் கொடுங்கள் என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. அம்மா பேசுகிறேன் என்றேன்.

"நீங்க யாரு?" என்றாள். "எங்கம்மா இங்கதான் இருக்கு. நேத்துக்கூட கேட்டுக்கு எதிர்ல நின்னுச்சு. எங்கம்மா பேசாது."

லைன் போய்விட்டது. எனக்கு அழுகை நின்று பயம் வந்தது. என் பிள்ளைக்கு ஓர் அம்மா இருக்கிறாள், அது நான் இல்லை என்கிற பயம். இங்கேயே செத்துப்போனால்கூட யாரும் என்னைத் தேடமாட்டார்கள், அவள் அங்கே நின்றுகொண்டே இருப்பாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து மதியத்தில் வார்டு அடங்கிக் கண் அசரும்போதெல்லாம் முகத்தில் வெயில் அடிக்கிற மாதிரியும், மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவுகிற வாசம் மாதிரியும் வரும். விழித்தால் டெட்டால் வாசம்தான். யாரிடம் சொல்ல முடியும்.

6

அண்ணன் திங்கட்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். போனில் இணைப்புக் கொடுக்க நடுவில் புகுந்து பேசிய வெளிநாட்டு ஆபரேட்டரின் குரல் அவரை உறுத்தியிருக்கிறது. கேட்டுப் பக்கம் நின்று எதிரே பார்த்திருக்கிறார். பிறகு ரோட்டைத் தாண்டிப் பக்கத்தில் போயிருக்கிறார்.

பக்கத்தில் போய் என்ன பார்த்தார் என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். "அதை மட்டும் கேக்காத தாயி" என்பார். அவ்வளவுதான். அங்கிருந்து நேராக வக்கீலய்யா வீட்டுக்குப் போய், ஊருக்கு வந்தது என் தங்கச்சி இல்லை, அவள் அங்கேதான் இருக்கிறாள், மந்திரியை மறுபடி கேளுங்கள் என்று காலைப் பிடித்திருக்கிறார்.

பதில் சொன்ன கேள்வியைத் திரும்பப் போட விதி இடம் கொடுக்காதாம். வக்கீலய்யா வேறு வழி பார்த்தார். அந்தச் சண்டை விஷயமாக வேறொருவர் போட்ட கேள்வி ஒரு நாள் குலுக்கலில் முன்னால் வந்தது. மந்திரி நம் வெளிநாட்டுக் கொள்கையை நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து, பாண்டியம்மாள் எங்கே என்று துணைக் கேள்வி போட்டார். மூலக் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சபாநாயகர் உட்காரச் சொல்லிவிட்டார். இவர் விடவில்லை. மந்திரியை அறையில் போய்ப் பார்த்தார், என் கடிதங்களைக் காட்டினார், விசாரிக்க வைத்தார். பதிலைத் திருத்திப் படிக்க அடுத்த கூட்டத்தொடரில் ஒரு தேதி சொன்னார்கள். அண்ணனுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

டெல்லிக்குப் போன கதையை அண்ணன் இன்றைக்கும் சொல்லுவார். பையைச் சோதித்துக் கத்திரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கத்திரி இல்லாமல் அவர் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. கால்மேல் கால் போடாதே, முன்னால் சாயாதே, கை தட்டாதே என்று ஒருவர் வந்து வந்து சொன்னாராம். கீழே இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கோட்டுத் தோள் சரியாக உட்காரவில்லையாம். பேசியது ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. கேள்வி நேரம் முடிந்து பலர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சலசலப்பில் மந்திரி எழுந்து ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். அதில் என் பெயர் மட்டும் இவர் காதில் விழுந்தது. பாண்டி தனியாக, அம்மாள் தனியாக. யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. வக்கீலய்யா மட்டும் கழுத்தைத் திருப்பி மாடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மந்திரி படித்தது இதுதான்: முன்னர் அளித்த பதிலில், பாண்டியம்மாள் என்பவர் ஊர் திரும்பிவிட்டார் என்பதற்குப் பதிலாக, திரும்பவில்லை என்று திருத்தி வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் தந்தி அடிக்க ஓடினார். தந்தி வீட்டுக்குப் போனது சாயங்காலம். கலா மதியமே அழுதுகொண்டு வந்துவிட்டாளாம். ஏன் என்று மதினி கேட்டதற்கு, "அம்மா போயிருச்சு" என்றாளாம். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே போய்விட்டதாம்.

7

கலாவுக்கு இப்போது பதினைந்து. முன்பெல்லாம் நாலு பக்கம் எழுதுவாள். இப்போது ஒரு பக்கம், அதிலும் பாதி அவள் சிநேகிதிகளுக்குள் பேசுகிற இங்கிலீஷ். நீ என்று எழுதியவள் நீங்கள் என்று எழுதுகிறாள். நான் அனுப்பிய சட்டைத்துணி நன்றாக இருந்தது என்று எழுதுவாள், தைத்துப் போட்டாளா என்று எழுதமாட்டாள். தூரத்தில் இருக்கிற அம்மாவுக்கு எழுதுகிற அளவாக எழுதுகிறாள். நான் குறை சொல்ல முடியாது.

திருத்தம் படித்த பிறகு பாஸ்போர்ட் கிடைத்து நான் முதல்முறை லீவில் ஊருக்குப் போன நாளைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். விமானம் ஒரு நாள் முந்திக் கிடைத்துவிட்டது, ஊரில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கால் தானாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது. கேட்டுக்குப் புதுசாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நேராகக் கேட்டுக்குப் போகக் கூச்சமாக இருந்தது. எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தடியில் ஒதுங்கினேன். மாங்காய்ப் பத்தை விற்கிற அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டியா, ரொம்ப நாளாக் காணோமே" என்றாள். கூடையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

மணி அடித்தது. கலா வந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அம்மா ஊரில் இல்லை என்று மந்திரியே சொல்லிவிட்டார், இனிமேல் அங்கே யாராவது நின்றால் பார்க்கக் கூடாது என்று மதினி அவளுக்குப் பழக்கியிருந்தார். அந்தப் பிள்ளை சொன்னபடி செய்தது.

நான் ரோட்டைத் தாண்டினேன். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். கலா என்று கூப்பிட்டேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கேட்டுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கூப்பிட்டிருக்கிறேன். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். கையை நீட்டி என் சேலைத் தலைப்பைத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"நீ பேசுவியா?" என்றாள்.

பேசுவேன்த்தா என்றேன்.

"அப்ப இம்புட்டு நாளும் ஏன் பேசாம நின்ன?"

நான் இங்கே நிற்கவே இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் இல்லை என்று சொன்னால், யாரும் இல்லாதபோது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது யார் என்று அவள் கேட்பாள். அவளுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே துணை அதுதான்.

"அம்மாவுக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றேன்.

அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பதிலை நான் இன்றுவரை திருத்தவில்லை.